கொலுவுக்கு அட்டைப்பெட்டி கோபுரம்: சாயுதா, வளையுதா, பசை விடுதா? எங்க தப்புன்னு பாத்துரலாம்

வருஷா வருஷம் புரட்டாசி அமாவாசைக்கு மூணு வாரம் முன்னாடியே எங்க வீட்டு ஹால்ல அட்டைப்பெட்டி சேர ஆரம்பிச்சுரும். மளிகைக்கடையில சோப்பு வந்த பெட்டி, பழக்கடையில ஆப்பிள் பெட்டி, ஜெராக்ஸ் கடையில ஏ4 பேப்பர் வர்ற பெட்டி, தெருவுல யார் வீட்டுலயாவது புது ஃப்ரிட்ஜ் இறங்கினா அந்த ஆளுயரப் பெட்டி, எதையும் விடுறதில்ல. கொலுவுக்கு வேண்டிய கோபுரம், நாலு கால் மண்டபம், அம்மனுக்குச் சின்ன சன்னதி எல்லாமே இதுலதான் பண்றேன். மரத்துல பண்ணணும்னா ஆசாரி கூலி ஆகும், தெர்மாகோல்ல பண்ணினா அடுத்த வருஷம் உதிர்ந்து குப்பைக்குத்தான் போகும், அட்டைன்னா வீட்டுல இருக்கிற கட்டர், ஸ்டீல் ஸ்கேல், பசை போதும், சரியா பண்ணினா அஞ்சாறு வருஷம் தாராளமா வரும்.

சரியா பண்ணலேன்னா என்ன ஆகும்னும் எனக்குத் தெரியும். நான் ஆரம்பிச்ச மூணாவது வருஷம், அஞ்சு நிலை கோபுரம் ஒண்ணு ஆசை ஆசையா பண்ணி மேல் படியில வெச்சிருந்தேன், நாலாம் நாள் ராத்திரி நல்ல மழை, காலைல எழுந்து பாத்தா கோபுரம் முன்பக்கமா சாஞ்சு மேல் ரெண்டு நிலையும் கீழ் படியில விழுந்து தசாவதாரம் செட்டுல கூர்மம் ரெண்டா உடைஞ்சு கிடக்குது. பாட்டி காலத்து மண் பொம்மை அது. அன்னைக்கு அழுதுட்டு, நவராத்திரி முடிஞ்சதும் அந்தக் கோபுரத்தைப் பிரிச்சு ஒவ்வொரு சுவரா பாத்தேன். அதுக்கப்புறம் கத்துக்கிட்டதுதான் கீழ இருக்கிறது எல்லாம். உங்க கோபுரத்துல என்ன கோளாறோ அந்தத் தலைப்பை மட்டும் பாத்தா போதும், ஆனா முதல் ரெண்டை மட்டும் எல்லாரும் படிச்சிருங்க, ஏன்னா அட்டையில வர்ற தொல்லையில முக்கால்வாசி அட்டைக்குள்ள அலை அலையா இருக்கிற நெளி எந்தப் பக்கம் ஓடுதுங்கிறதுலயும், ஈரம் எப்படி ஏறுச்சுங்கிறதுலயும்தான் இருக்கு.

கோபுரம் மெதுவா சாயுது, இல்லேன்னா கீழ் நிலை நசுங்குது

முதல்ல சுவரோட வெட்டின ஓரத்தைப் பாருங்க. ரெண்டு தாளுக்கு நடுவுல அலை அலையா ஒரு தாள் இருக்கும், அதைத்தான் நெளின்னு சொல்றேன். சுவர்ல அந்த நெளி தூண் மாதிரி கீழ இருந்து மேல நிக்கணும். நான் பண்ணின தப்பு, பெட்டியில இருந்து துண்டு மிச்சமாகாம வெட்டணும்னு படுக்கைவாட்டுல வெட்டிட்டேன், அப்போ நெளி படுத்துக்கிடக்கும், மேல இருந்து வர்ற கனம் ஒவ்வொரு அலையையும் அமுக்கி அமுக்கி சப்பையாக்கிரும், அதுலயும் மழை ஈரம் ஏறினா கேக்கவே வேண்டாம். ஒரே பெட்டியில ரெண்டு சின்னத் துண்டு வெட்டி ஒண்ணுல நெளியை நிக்க வெச்சு, ஒண்ணுல படுக்க வெச்சு, சுருட்டி ஒட்டி மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சுப் பாருங்க, எது தாங்குதுன்னு கையிலயே தெரிஞ்சுரும்.

ஏற்கனவே தப்பா வெட்டி முடிச்சாச்சு, நாளைக்கு அமாவாசை, திரும்ப வெட்ட நேரமில்லன்னா என்ன பண்றது? உள்பக்கம் நாலு மூலையிலயும் எல் வடிவத்துல மடிச்ச பட்டை நிக்க வைங்க, ரெண்டு விரல் அகலம் போதும், அதுல மட்டும் நெளி நிக்கிற மாதிரி வெட்டுங்க. மூலை நாலும் தாங்கிட்டா சுவர் சும்மா மறைப்புக்குத்தான்.

நெளி சரியா இருந்தும் சாயுதுன்னா கனம் ஒரே பக்கம் இருக்குதான்னு பாருங்க. நாம எல்லா அலங்காரத்தையும் முன்பக்கம்தான் ஒட்டுறோம், துவாரபாலகர், மணி, கல்லு, லேஸ், பின்பக்கம் வெறும் அட்டை. அடி நிலைக்குள்ள பின்பக்கம் ஒட்டி ஒரு செங்கல்லை நியூஸ் பேப்பர்ல சுத்தி வெச்சிருங்க, தீர்ந்தது. மணலை கவர்ல கட்டி வெச்சாலும் சரி. உப்பு பாக்கெட் மட்டும் வேண்டாம், ஈரத்தை இழுத்து அடி அட்டையை ஊற வெச்சுரும்.

நேரா நிக்குதான்னு கண்ணால பாத்து நம்பாதீங்க. கொத்தனார் தூக்குக்குண்டு விடுற மாதிரி ஒரு நூல்ல சாவியைக் கட்டி மேல் நிலையோட நடுவுல இருந்து தொங்க விடுங்க, எல்லா நிலையிலயும் முன்பக்க நடுவுல பென்சிலால ஒரு கோடு போட்டு வெச்சிருந்தீங்கன்னா நூல் அந்தக் கோட்டு மேலயே இறங்கணும். எந்த நிலையில கோடு விலகுதோ அங்கதான் தப்பு, அதை மட்டும் எடுத்து அடியில ஒரு மெல்லிசு அட்டை கொடுத்தா நிமிர்ந்துரும்.

அட்டை வளைஞ்சு போச்சு

இதுதான் எல்லாரும் சொல்ற குறை. பேப்பர் ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, காலைல பாத்தா சுவர் வாழை மட்டை மாதிரி வளைஞ்சிருக்கும். பசை சரியில்ல, அட்டை சரியில்லன்னு அடுத்தடுத்து மாத்திட்டே இருப்போம், காரணம் ரெண்டுமே இல்ல.

தாள் ஈரமானா விரியும், காஞ்சா சுருங்கும், அவ்வளவுதான் விஷயம். ஒரு பக்கம் மட்டும் மைதா பசையோ வெள்ளைப் பசையோ தடவினா அந்தப் பக்கம் விரிஞ்சு வெளிய புடைக்கும், அது கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒட்டின பேப்பரும் பசையும் காய காய இழுத்துப் பிடிச்சுக்கிட்டு சுருங்கும், அப்போ அதே பக்கம் குழியா மாறும். அதனால உங்க அட்டை ஒட்டின பக்கம் புடைச்சிருந்தா இன்னும் காயலன்னு அர்த்தம், கை வைக்காம விடுங்க. ஒட்டின பக்கம் குழிஞ்சிருந்தா காஞ்சு இழுத்துருச்சு.

காஞ்சு குழிஞ்சதைச் சரி பண்ண, குழிஞ்ச பக்கத்துல ஈரத்துணியை நல்லா பிழிஞ்சு லேசா ஒத்தி எடுங்க, சொட்டக்கூடாது, கை வெச்சா ஜில்லுன்னு இருந்தா போதும். பெயிண்ட் அடிச்ச பக்கமா இருந்தா ஈரம் உள்ள போகாது, அப்போ பின்பக்கம் பேப்பர் ஒட்டுறது ஒண்ணுதான் வழி. ஒத்தின அட்டையை ரெண்டு பக்கமும் நியூஸ் பேப்பர் வெச்சு சமதரையில போட்டு மேல பழைய டெலிபோன் டைரக்டரி, அரிசி டின், கையில கிடைக்கிற கனத்தை எல்லாம் ஏத்தி ஒரு நாள் முழுசா விடுங்க. பேப்பர் ஈரத்தை உறிஞ்சிக்கும், அதனால நடுவுல ஒரு தடவை பேப்பரை மட்டும் மாத்துங்க. அவசரப்பட்டு நாலு மணி நேரத்துல எடுத்தா மறுபடி வளையும்.

திரும்ப வராம இருக்க ஒரே ஒரு பழக்கம் போதும், முன்பக்கம் என்ன செய்றீங்களோ அதையே பின்பக்கமும் செய்ங்க. முன்னாடி ஒரு நியூஸ் பேப்பர் ஒட்டினா பின்னாடியும் ஒண்ணு, முன்னாடி ப்ரைமர் ஒரு கோட்னா பின்னாடியும் ஒரு கோட், யார் பாக்கப்போறாங்கன்னு விடாதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்தா அட்டை எந்தப் பக்கம் போகும், நடுவுலயே நிக்கும். பசையை ப்ரஷ்ல எடுத்துக் கொட்டாம பழைய ஏடிஎம் கார்டு மாதிரி ஏதாவது வெச்சு மெல்லிசா இழுத்து விடுங்க. அப்புறம் வெயில்ல படுக்கப் போடாதீங்க, மேல்பக்கம் மட்டும் வேகமா காஞ்சு அதுவே வளைச்சுரும், நிழல்ல சுவத்துல சாச்சு ரெண்டு பக்கமும் காத்து படுற மாதிரி நிக்க வைங்க.

பெரிய சுவர், ஒரு முழத்துக்கு மேல இருந்தா ஒத்தை அட்டை வேண்டாம். கடைக்காரங்க மூணு ப்ளை, அஞ்சு ப்ளைன்னு சொல்வாங்க, மூணு ப்ளைன்னா நடுவுல ஒரு நெளி, அஞ்சு ப்ளைன்னா ரெண்டு நெளி. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பெட்டி பெரும்பாலும் கனமான ப்ளைதான். அது கிடைக்கலேன்னா மூணு ப்ளை அட்டை ரெண்டு எடுத்து ஒண்ணுல நெளி நிக்கிற மாதிரி, ஒண்ணுல படுக்கிற மாதிரி குறுக்க வெச்சு ஒட்டி ராத்திரி முழுக்க கனம் ஏத்தி வைங்க, பிளைவுட் பண்றதும் இப்படித்தான், காலைல அந்த அட்டையைத் தட்டிப் பாத்தா பலகை மாதிரி சத்தம் வரும்.

மூலை சேர மாட்டேங்குது, ஒரு பக்கம் வாய் பிளந்து நிக்குது

அளவெல்லாம் சரியாத்தான் எடுத்தேன், ஆனா மூலையில இடைவெளி வருதுன்னா அட்டையோட கனத்தைக் கழிக்கல. சாதாரண மூணு ப்ளை மூணுல இருந்து நாலு மில்லிமீட்டர் இருக்கும். கோபுர அடி நீளம் 40 சென்டிமீட்டர், ஆழம் 26 சென்டிமீட்டர்னு வைங்க. முன்சுவரும் பின்சுவரும் 40 வெட்டுறோம், பக்கச் சுவர் அது ரெண்டுக்கும் நடுவுல போய் உக்காரணும், அப்போ 26ல இருந்து ரெண்டு அட்டை கனம், அதாவது எட்டு மில்லிமீட்டர் கழிச்சு 25.2 தான் வெட்டணும். இதை விட்டா ஒரு நிலைக்கு முக்கால் சென்டிமீட்டருக்கு மேல பிசகும், மேல தட்டு உக்காராது, அடுத்த நிலை கோணும், அஞ்சாவது நிலை போறப்போ எங்கயோ நிக்கும்.

இன்னொண்ணு, முதல் நிலைக்கு வெட்டின சுவரைப் பாத்து ரெண்டாவது, அதைப் பாத்து மூணாவதுன்னு வரையாதீங்க. ஒவ்வொரு தடவையும் பென்சில் கோட்டு அளவு தள்ளிப் போகும். ஒரு சார்ட் பேப்பர்ல கோபுரத்தோட முன்முகத்தை முழுசா ஒரே தடவையில வரைஞ்சு, அதுல இருந்து ஒவ்வொரு நிலையையும் வெட்டி அச்சா வெச்சுக்கோங்க.

வந்துட்ட இடைவெளியை மூட வெள்ளைப் பசையில சாக்பீஸ் பொடியைக் கலந்து சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைஞ்சு விரலால அடைச்சு விடுங்க, காஞ்சதும் உப்புத்தாள் போட்டா மூலையே தெரியாது. இடைவெளி விரல் கனத்துக்கு மேல இருந்தா பொடி வெடிச்சுரும், முதல்ல அட்டைத் துண்டு சொருகிட்டு அப்புறம் பூசுங்க.

ஒட்டினது ஒட்டின மாதிரியே பேந்துட்டு வருது

பேந்த இடத்தைத் திருப்பிப் பாருங்க. பசை முழுக்க ஒரு பக்கமே இருக்கு, இன்னொரு பக்கம் வழுவழுன்னு இருக்குன்னா அந்த வழுவழு பக்கத்துலதான் பிரச்சனை. பெட்டி மேல ஒட்டியிருந்த டேப், லேபிள், பளபளன்னு பிரிண்ட் போட்ட மேல்தாள், இது மேல எந்தப் பசையும் நிக்காது. டேப்பை உரிச்சு எடுங்க, பளபளப்பை உப்புத்தாள்ல தேய்ச்சு விடுங்க, அப்புறம் ஒட்டுங்க. தாளே கிழிஞ்சு ரெண்டு பக்கமும் ஒட்டியிருந்தா பசை மேல தப்பில்ல, அட்டை தாங்கல, அங்க இன்னொரு பட்டை கொடுக்கணும்.

க்ளூ கன் வெச்சு முழுக் கோபுரமும் முடிச்சுட்டு பரண்ல போட்டா சித்திரை வெயில்ல இளகி பாகம் பாகமா பிரிஞ்சிரும், ஷீட் போட்ட வீடுன்னா இன்னும் சீக்கிரம். நான் பண்றது, மூலைக்கு ரெண்டு மூணு பொட்டு க்ளூ கன், அது சட்டுன்னு பிடிச்சு நிறுத்திக்கும், மீதி நீளம் முழுக்க வெள்ளைப் பசை, அது மெதுவா காஞ்சு நிரந்தரமா பிடிக்கும். காயுற வரைக்கும் துணி கிளிப் போட்டு வைங்க. சூடான பசையில கை பட்டா தோலோட வரும், பிள்ளைங்களை வெச்சு பண்றவங்க க்ளூ கன்னை நீங்களே பிடிங்க.

கோபுரம் மாதிரி இல்ல, கேக் மாதிரி இருக்கு

எல்லாம் உறுதியா நிக்குது, நேரா இருக்கு, ஆனா பாக்கிறவங்க என்னதுன்னு கேக்குறாங்க. இதை ஒரு கோளாறா யாரும் எழுதுறதில்ல, எனக்கு இதுதான் பெரிய கோளாறு, ஏன்னா கோயிலை நல்லா பாக்காம கை போன போக்குல அடுக்கினா இப்படித்தான் வரும். நான் திருச்சிக்காரி, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை பஸ்ல போறப்போ எல்லாம் பாத்துட்டுத்தான் இருந்தேன், ஆனா அட்டையில பண்ண உக்காந்தப்புறம்தான் ஒருநாள் எதிர்ல நின்னு நிதானமா பாத்தேன். 13 நிலை, 236 அடி, 1987ல கட்டி முடிச்சு கும்பாபிஷேகம் பண்ணினது. அன்னைக்கு கண்ணுல பட்டது மூணு விஷயம்.

அடி சதுரம் இல்ல. வாசலைப் பாத்த பக்கம் நீளம், உள்ள நுழையுற ஆழம் குறைவு. நாம பெட்டியை அப்படியே சதுரமா அடுக்குறோம், அங்கயே கேக் ஆயிருது. 40க்கு 26ன்னு மேல சொன்னது அதுக்குத்தான். அடுத்து, மேல போகப் போக அகலம் மட்டும் குறையல, ஒவ்வொரு நிலையோட உயரமும் குறைஞ்சுட்டே வருது. கீழ் நிலை 10 சென்டிமீட்டர் உயரம்னா அடுத்தது 9, அப்புறம் 8ன்னு இறங்கணும், எல்லாமே 10ன்னு வெச்சா மாடி வீடு. எல்லா நிலையிலயும் நடுவுல வாசல் மாதிரி ஒரு திறப்பு இருக்கணும், அதையும் மேல போகப் போக சின்னதாக்கணும்.

மூணாவது, உச்சி. கோபுரத்து உச்சி குடிசையோட வளைஞ்ச கூரை மாதிரி நீளமா இருக்கும், சாலைன்னு சொல்வாங்க, அது மேல கலசம் வரிசையா ஒத்தைப்படையில நிக்கும். உருண்டையாவோ எட்டுப்பட்டையாவோ சிகரம் வெச்சு ஒரே கலசம் வெச்சா அது கர்ப்பகிரகம் மேல வர்ற விமானம், தஞ்சாவூர் பெரிய கோயில்ல 216 அடிக்கு நிக்குதே அது விமானம், அதுக்கு அடி சதுரமா இருக்கலாம். அதனால சதுரப் பெட்டியா நிறைய வெச்சிருக்கிறவங்க கோபுரத்தை விட்டுட்டு விமானம் பண்ணுங்க, பெட்டியும் வீணாகாது, பாக்கவும் சரியா இருக்கும்.

சாலை வளைவு அட்டையில வராது, உடைஞ்சு உடைஞ்சு மடங்கும்னு சொல்றவங்களுக்கு ஒரு கைவேலை. அட்டையோட ஒரு பக்கத் தாள் மேல ஈரத்துணியை வெச்சு அஞ்சு நிமிஷம் விட்டு, ஓரத்துல நகத்தால கிளப்பி மெதுவா உரிங்க, தாள் மட்டும் உரிஞ்சு வந்து உள்ள நெளி வரி வரியா தெரியும். காஞ்சதும் அந்த அட்டை பாய் மாதிரி சுருளும், எவ்வளவு வளைவு வேணும்னாலும் கொடுக்கும், அந்த வரியே ஓடு போட்ட மாதிரி இருக்கிறதால தனியா அலங்காரமும் வேண்டாம். நெளி சாலையோட நீளத்துக்கு ஓடணும், அப்போதான் வளைவு ஒரே சீரா வரும்.

இன்னும் ஒண்ணு, சுத்துச் சுவருக்கு காவி வெள்ளைப் பட்டை. ஒரே அகலத்துக்கு டேப் ஒட்டி ஒண்ணு விட்டு ஒண்ணு செங்காவி அடிச்சு டேப்பை உரிச்சா போதும், பெட்டியைக் கூட கோயில்னு கண்ணு ஒத்துக்கும்.

மடிக்கிற இடத்துல தாள் வெடிக்குது

நெளிக்கு குறுக்க மடிக்கிறீங்க. மடிக்கிறதுக்கு முன்னாடி ரீஃபில் தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவை ஸ்கேல் வெச்சு ரெண்டு மூணு தடவை அழுத்தி இழுங்க, நெளி அந்தக் கோட்டுல மட்டும் அமுங்கும், அப்புறம் மடிச்சா சுத்தமா மடங்கும். கட்டர் வெச்சுக் கீறி மடிக்கலாம், ஆனா கீறின பக்கம் வெளிய வரணும், உள்ள வந்தா மடங்கறப்போ அடுத்த தாளையும் சேத்து கிழிக்கும். வெட்டறப்போ ஓரம் பிசிர் பிசிரா வருதுன்னா பிளேடு மொட்டை, நுனியை ஒடிச்சு விட்டு ஒரே அமுக்குல அறுக்காம மூணு தடவையா இழுங்க.

பெயிண்ட் அடிச்சும் சோப்பு பேரு தெரியுது, வரி வரியா தெரியுது

ரெண்டும் வேற வேற கோளாறு. எழுத்து எட்டிப் பாக்குதுன்னா பெட்டி மை ஈரத்துல கரைஞ்சு மேல ஏறுது, சிவப்பு பச்சைதான் அதிகம் ஏறும், எத்தனை கோட் அடிச்சாலும் வரும். இதுக்கு நான் பெயிண்ட் செலவே பண்றதில்ல, பெட்டியோட ஒட்டின ஓரத்தைப் பிரிச்சு உள்வெளியா திருப்பி மடிச்சுருவேன், பிரிண்ட் உள்ள போயிரும், வெறும் பழுப்பு வெளிய வந்துரும். பின் அடிச்ச பெட்டின்னா பின்னை குறடு வெச்சு எடுத்துருங்க, கை கிழியும்.

வரி தெரியுதுன்னா அது நெளி, மெல்லிசு தாள் மேல பெயிண்ட் ஈரம் பட்டதும் அலை மேல எழும்பும். பெயிண்டுக்கு முன்னாடி நியூஸ் பேப்பரை சின்னச் சின்னதா கிழிச்சு, வெட்டாதீங்க, கிழிச்ச ஓரம்தான் ஒண்ணோட ஒண்ணு கலக்கும், ரெண்டு அடுக்கு ஒட்டி காயவிட்டு வெள்ளை ப்ரைமர் ஒரு கோட். மேல் அடுக்குக்கு எழுத்து குறைவா இருக்கிற தாளா எடுத்துக்கோங்க.

சுதை வேலை, அதாவது கோபுரத்துல புடைச்சு நிக்கிற அலங்காரம், எடுப்பா வரலேன்னா சாக்பீஸ் பொடி, வெள்ளைப் பசை கலவையை தோசை மாவு பதத்துக்குக் கரைச்சு மருதாணி கோன்ல அடைச்சு கோலம் போடுற மாதிரி பிழிஞ்சு விடுங்க. தஞ்சாவூர் ஓவியத்துல நகையெல்லாம் புடைச்சு நிக்குமே, அதுவும் பொடியும் பசையும் சேந்த வேலைதான். இதுக்குப் பதிலா அரிசி, பருப்பு, ஜவ்வரிசி ஒட்டுறவங்க இருக்காங்க, பாக்க அழகாத்தான் இருக்கும், ரெண்டாவது மாசம் வண்டு வந்து கோபுரத்துல ஓட்டை ஓட்டையா பொடி கொட்டும், வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேத்து வைங்க, தங்கக் கலர்ல பிள்ளையார், தாமரை, கும்பம், தோரணம் எல்லாம் அச்சுல புடைச்சே இருக்கும், அப்படியே வெட்டி மண்டபத்து முகப்புல ஒட்டினா தனியா ஒண்ணும் வாங்க வேண்டாம். எங்க மண்டபத்து வாசல்ல இருக்கிற யானை ரெண்டும் எங்க அக்கா பத்திரிகையில இருந்து வந்தது.

தங்கக் கலர் அடுத்த வருஷம் கறுத்துப் போகுதுன்னா அது பித்தளைப் பொடி கலந்தது, காத்து பட்டு மங்கும். அடிச்சு காஞ்சதும் மேல ஒரு கோட் வார்னிஷ் கொடுத்துருங்க. ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறவங்க, அலங்காரத்துக்கு எங்கயாவது தெர்மாகோல் வெச்சிருந்தா அதைக் கரைச்சுரும், பாத்துக்கோங்க.

மண்டபத்து மேல்தட்டு நடுவுல தொங்குது

தட்டுல நெளி ஒரு தூண்ல இருந்து அடுத்த தூணுக்கு ஓடணும், குறுக்க ஓடினா அங்கயே மடங்கிரும். அப்புறமும் தொங்கினா அடியில முட்டை டிரே கட்டம் மாதிரி ஒரு சட்டம் கொடுக்கணும். எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பட்டை வெட்டி, பத்து சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னு பாதி உயரம் வரைக்கும், அதாவது நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அட்டை கனத்துக்கு வெட்டு விட்டு, நீளப் பட்டையில மேல் வெட்டு, குறுக்குப் பட்டையில கீழ் வெட்டு, ஒண்ணுல ஒண்ணு சொருகினா கட்டம் ரெடி. பட்டையில நெளி நிக்கிற மாதிரி இருக்கணும். அதை மேலயும் கீழயும் ஒரு தட்டு வெச்சு மூடி ஒட்டினா நம்ப முடியாத கனம் தாங்கும், ஆனாலும் பெரிய மண் பொம்மையை அட்டை மேல ஏத்தாதீங்க, அது மரப்படிக்கு. அட்டை மேல காகிதக்கூழ் பொம்மை, மரப்பாச்சி, சின்னச் செட் மட்டும் வைங்க.

தூண் நசுங்கினா ஜவுளிக்கடையில துணி சுத்தி வர்ற கெட்டி அட்டைக் குழாய் கேளுங்க, சும்மாவே கொடுப்பாங்க. அதை ரம்பத்துல அறுத்து மேலயும் கீழயும் சதுர அட்டை மூணு நாலு அடுக்கு ஒட்டினா தூணுக்கு அடியில பீடமும் தலையில போதிகையும் ஆச்சு.

விளக்கு போட்டா அழகா இல்ல, பயமா இருக்கு

பயப்படுறது சரிதான். அட்டைக்குள்ள எண்ணெய் விளக்கு, கற்பூரம், ஊதுவத்தி எதுவும் கூடவே கூடாது, சன்னதி எவ்வளவு பெரிசா இருந்தாலும். குத்துவிளக்கை படிக்குக் கீழ தரையில, தாம்பாளத்துல, அட்டையை விட்டு ரெண்டு மூணு அடி தள்ளி வைங்க, மேல ஜரிகைத் தோரணமோ பட்டுப் பாவாடை நுனியோ காத்துல ஆடி வந்து படுற தூரத்துல இருக்கக்கூடாது. உள்ள எல்ஈடி மட்டும். பழைய குண்டு பல்பு சீரியல் செட் மணிக்கணக்கா எரிஞ்சா சூடேறும், அது வேண்டாம். அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ரெண்டும் வெளிய தெரியுற இடத்துல இருக்கட்டும், படித்துணிக்கு அடியில மறைச்சு வைக்காதீங்க.

அழகுக்கு, ஜன்னல் வழியா பல்பு புள்ளி புள்ளியா கண்ணைக் குத்துதுன்னா உள்பக்கம் பட்டர் பேப்பர் ஒட்டுங்க, வெளிச்சம் பரவி கர்ப்பகிரகத்துல நெய் விளக்கு எரியுற மாதிரி வரும். மூலை வழியா வெளிச்சம் கசிஞ்சா உள்பக்கம் பிஸ்கட் பாக்கெட் வெள்ளித்தாளை ஒட்டிருங்க.

போன வருஷம் நல்லா இருந்துச்சு, இப்போ எடுத்தா பூஞ்சை, பூச்சி

மைதா பசை மலிவு, ஆனா கரப்பானும் இராமபாணப் பூச்சியும் அதுக்குத்தான் வரும். பைண்டிங் கடையில மைதா பசையில மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவாங்க, பூச்சி வராது, ஆனா அது விஷம், பிள்ளைங்க கை வைக்கிற கொலுவுல நான் போடமாட்டேன், வெள்ளைப் பசைக்கே மாறிட்டேன். பெட்டியோடவே கரப்பான் முட்டை வர்றதும் உண்டு, முக்கியமா மளிகைக்கடை பெட்டியில, அதனால கொண்டு வந்த அன்னைக்கே பிரிச்சு உதறி ஒரு நாள் நல்ல வெயில்ல போட்டுட்டுத்தான் வீட்டுக்குள்ள எடுப்பேன்.

பூஞ்சை வந்ததை, லேசா இருந்தா வெளிய எடுத்துட்டுப் போய் மூக்கைக் கட்டிக்கிட்டு காஞ்ச ப்ரஷ்ல தட்டி, வெயில்ல காய வெச்சு, மேல ஒரு கோட் ப்ரைமர் அடிங்க. அட்டை மெத்துன்னு ஆகி அமுக்கினா விரல் உள்ள போச்சுன்னா அந்தப் பாகத்தைத் தூக்கிப் போட்டுருங்க, சரியாகாது, பக்கத்துல இருக்கிறதுக்கும் பரவும்.

எடுத்து வைக்கிறதை மனசுல வெச்சே கட்டினா இதெல்லாம் பாதி குறையும். நிலையை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, ஒவ்வொண்ணையும் அடி திறந்த தொப்பி மாதிரி தனித்தனியா பண்ணுங்க, மேல் தட்டுல நாலு சின்னக் கட்டை ஒட்டினா அடுத்த நிலை நகராம உக்காந்துக்கும். கொலு முடிஞ்சு எடுக்கறப்போ சின்னதை பெரிசுக்குள்ள, அதை அதைவிடப் பெரிசுக்குள்ளன்னு சொருகினா அஞ்சு நிலையும் அடி நிலைக்குள்ளயே அடங்கிரும். விஜயதசமிக்கு மறுநாளே மூட்டை கட்டாதீங்க, நம்ம ஊர்ல அப்போதான் மழை ஆரம்பிக்குது, ஈரத்தோட உள்ள போகும். வெயில் அடிக்கிற நாளா பாத்து காய வெச்சு, பழைய காட்டன் வேஷ்டியில சுத்தி, ஷூ பெட்டியில வர்ற ஈரம் உறிஞ்சுற சின்ன பாக்கெட்டும் அந்துருண்டையும் போட்டு, பரண்ல தரையோடவும் சுவரோடவும் ஒட்டாம ரெண்டு கட்டை மேல வைங்க, கரையானுக்கு அதுதான் தடுப்பு. உள்பக்கம் நிலை நம்பரும், முன்பக்கம் எதுன்னு ஒரு அம்புக்குறியும் போட்டு வைங்க. கலசம் மட்டும் கழட்டி தனி டப்பாவுல போட்டு அடி நிலைக்குள்ளயே வெச்சிருங்க, அதுதான் முதல்ல தொலையும்.